தினமும் காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பது உண்மையிலேயே நல்லதா?

பலன் உண்டு. ஆனால் காணொளிகளில் சொல்லும் பலன் இல்லை.

குளிர்ந்த நீரில் குளித்தால் மன அழுத்தம் குறையும், நோய் எதிர்ப்பு சக்தி கூடும் என்று பார்த்ததாகவும், சளி பிடிக்கும் என்று அம்மா தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை, ராத்திரி சரியான தூக்கம் இல்லை, காலையில் எழும்ப மனம் வரவில்லை, இதுதான் உங்கள் நிலை என்று நானாக வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படி இருந்தபோதுதான் தொடங்கினேன்.

எனக்குக் குமரி மாவட்டம், திருவட்டாறு பக்கம். பல வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தேன். அங்கே கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாதபடி சுடும். ஹீட்டரை அணைத்துவிடுவோம். அறைக்குள் இருப்பதால் அதில் நிற்கும் தண்ணீர் மெல்ல ஆறும், அதை எடுத்துத்தான் குளிப்போம். வெந்நீர்க் குழாயைத் திறந்தால்தான் கொஞ்சம் ஆறிய தண்ணீர் கிடைக்கும். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய ஏக்கம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

2020-ல் வேலை போய் ஊருக்கு வந்தேன். கையில் காசு இருந்தது, ஆனால் மனசு சரியில்லை. விடிய விடிய விழித்துக் கிடப்பேன், வெயில் ஏறிய பிறகும் படுக்கையை விட்டு எழும்பமாட்டேன். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. என் அக்கா வீட்டு அத்தான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெட்டி முடித்து, பால் எடுக்கப் போகும் முன் பரளியாற்றில் இறங்கிக் குளிப்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்து, “சும்மா கிடந்தா மனசு கெட்டுப்போகும் மக்கா. எழும்பி வா, ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு வருவோம்” என்றார். அவர் கூப்பிட்டால் எனக்கு மறுக்க வராது. துவர்த்தை, அதாவது துண்டை, எடுத்துக்கொண்டு போனேன்.

பெருஞ்சாணி அணையிலிருந்து வரும் தண்ணீர் அது. மார்பு வரை இறங்கியதும் மூச்சு அடைத்து ஏங்கியது, நெஞ்சு படபடத்தது. “பேசாம மூச்ச விடு, தானா அடங்கும்” என்றார் அத்தான். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. கரையேறி, கடையில் கட்டன் சாயா குடித்தபோது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றிருந்தது. அன்று பகல் முழுவதும் எனக்குப் படுக்கத் தோன்றவில்லை. மறுநாளும் போனேன், அப்புறம் பழகிவிட்டது. மெல்ல ராத்திரித் தூக்கமும் வந்தது. இதைச் செய்தது தண்ணீர் மட்டுமா என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. விடியற்காலையில் எழும்பியது, நடந்தது, பேச ஒரு ஆள் இருந்தது, எல்லாம் சேர்ந்துதான். ஆனால் என்னைப் படுக்கையை விட்டு எழுப்பியது தண்ணீர்தான், அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் மூவாயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வு 2016-ல் வெளிவந்தது. வழக்கமான குளியலின் கடைசியில் 30 முதல் 90 விநாடி குளிர்ந்த நீர், அவ்வளவுதான். உடம்பு சரியில்லை என்று வேலைக்கு விடுப்பு எடுத்தது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் நோய்வாய்ப்பட்ட நாட்கள் குறையவில்லை. அதாவது நோய் வந்தது, தாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். 30 விநாடிக்கும் 90 விநாடிக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. நோய் எதிர்ப்பு என்று கூவுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை. அதேபோல ரத்தத்தில் நார்அட்ரினலின் என்ற, உடம்பை உசுப்பும் ஹார்மோன் பல மடங்கு கூடும் என்ற கணக்கு, 14 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தது. நம் கிணற்றுத் தண்ணீர் 27 டிகிரி அளவில் இருக்கும். தோலின் சூடு 33 டிகிரி போல இருப்பதால் அதுவே நமக்குக் குளிர்தான். அது போதும்.

போதாது என்று நினைத்து என் தங்கை மகன் மீனுக்குப் போடும் ஐஸைக் குளச்சலில் இருந்து வாங்கிவந்து டிரம்மில் நிரப்பினான். அவன் இளவட்டம், தாங்கிவிடுவான். பக்கத்தில் நின்ற அவன் அப்பாவும் இறங்கப் பார்த்தார், அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். குளிர்ந்த நீர் மேலே பட்ட முதல் ஒரு நிமிடத்தில்தான் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் சட்டென்று ஏறும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

இதைச் சொல்லும்போது ஒரு ஆற்றாமையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா பிறந்த ஊரில் சானல், அதாவது பாசனக் கால்வாய், ஓடுகிறது. முன்பெல்லாம் ஜூனில் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்கு அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் படித்துறையில் ஆளுக்கு இடம் கிடைக்காது, பெண்களுக்குத் தனித் துறையே உண்டு. இன்று வீட்டுக் கழிவுக் குழாய்களைச் சானலுக்குள் திருப்பி விட்டிருக்கிறார்கள். மனு கொடுத்தோம், வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள், குழாய்கள் அப்படியே இருக்கின்றன. சானல் முடியும் கடைவரம்பு வயலுக்குப் போவதும் அந்தத் தண்ணீர்தான். காசு கொடுத்து ஐஸ் தொட்டியில் உட்காரும் காலத்தில், காசில்லாமல் குளித்த துறையைக் காப்பாற்ற ஊரில் ஒருவரும் வரவில்லையே என்று வயிறு எரிகிறது.

அதனால் ஊருக்கு வந்தாலும் தேங்கிய குளத்தில் மட்டும் முங்காதீர்கள். 2024-ல் பக்கத்துக் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் வந்ததை எல்லோரும் பார்த்தோம். அது மூக்கு வழியாக ஏறுவது.

உங்களுக்குக் குளியலறை வாளியே போதும். மாடித் தொட்டி வெயிலில் காய்வதற்கு முன் விடியற்காலையில் குளியுங்கள். முதலில் கால், பிறகு கை, தோள், கடைசியில் தலை. மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுக்கொண்டே ஊற்றுங்கள். சளி வைரஸால் வருவது, தண்ணீரால் இல்லை என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆனால் காய்ச்சல் இருக்கும் நாளில் அவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தால் மறுக்காமல் அதிலேயே குளித்துவிடுங்கள்.