மூன்று செல் பேட்டரியும் கருகிப்போன மோட்டாரும்

கேள்வி: 2எஸ் பேட்டரியில் ஓடிய ஆர்.சி. (ரிமோட்) காருக்கு 3எஸ் போட்டேன். மோட்டார் கருகிவிட்டது. பெட்டியில் ‘3எஸ் வரை’ என்றுதான் இருக்கிறது. விற்றவரோ நான் ஓட்டிய விதம் தப்பு என்கிறார்.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. 2எஸ் என்பது வரிசையாக இணைத்த இரண்டு செல், 7.4 வோல்ட்; 3எஸ் மூன்று செல், 11.1. கியரை மாற்றாவிட்டால் கார் ஒன்றரை மடங்கு வேகத்துக்குப் போகப் பார்க்கும். காற்றின் தடை அதைவிட வேகமாக ஏறும் என்பதால், முழு வேகத்தில் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் இரண்டு மடங்கைக்கூடத் தாண்டலாம். ஆம்பியர் இரட்டித்தால் சுருளில் சூடு நான்கு மடங்கு. 3எஸ் போட்டால் சின்ன பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் பல்சக்கரம்) மாட்டவேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பெட்டியைப் படமெடுத்து அனுப்பி, மாற்று மோட்டார் வேண்டுமென எழுத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: பினியனை 13 பல்லிலிருந்து 19 ஆக்கினேன். வேகம் கூடவில்லை, சார்ஜ்தான் சீக்கிரம் தீர்கிறது. மோட்டார் மட்டமானதா?

பதில்: சைக்கிளில் பெரிய கியரைப் போட்டுக்கொண்டு மேடேறினால் முழங்காலையா குறை சொல்வீர்கள்? ஒரே தாவலில் ஆறு பல்! பழைய பினியனைத் திரும்ப மாட்டி, ஒவ்வொரு பல்லாக ஏற்றுங்கள். சில நிமிடம் ஓட்டி மோட்டாரின் சூட்டை அளந்து பாருங்கள். 80 டிகிரியை நெருங்கினால் ஒரு பல் இறங்குங்கள்.

கேள்வி: 5000 எம்.ஏ.எச். பேட்டரி, 50சி வாங்குவதா, இரண்டு மடங்கு விலையில் 100சி வாங்குவதா?

பதில்: எனக்குக் கோபம் வரும் இடம் இது. 5000 எம்.ஏ.எச். என்றால் 5 ஆம்பியர்-மணி; சி என்பது அந்த எண்ணைப்போல் எத்தனை மடங்கு ஆம்பியர் தரும் என்பது. 5-ஐ 100-ஆல் பெருக்குங்கள்: 500 ஆம்பியர். அப்படி இழுத்தால் பேட்டரி 36 விநாடியில் காலி. அதற்கு முன்பே ஒயரும் ப்ளக்கும் உருகியிருக்கும். அந்த எண்ணைச் சோதித்துப் பார்க்க யாராலும் முடியாது என்ற தைரியத்தில்தான் அச்சடிக்கிறார்கள். நானும் ஏமாந்தவன்தான். ‘120சி’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றை ஆசையாக வாங்கினேன். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலே வோல்ட் சரியும், கொஞ்ச நாளில் உப்பியும் போயிற்று. அப்புறம்தான் புத்தி வந்தது. இப்போதெல்லாம் சார்ஜரில் ஒவ்வொரு செல்லின் உள்தடையைப் பார்ப்பேன். மில்லிஓமில் வரும்; குறைவாக இருந்தால் நல்லது, செல்லுக்குச் செல் பெரிய வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுப்பேன். அதே கொள்ளளவுள்ள மற்ற பேட்டரிகளைவிட எடை ரொம்பக் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். உங்கள் காருக்கு நேர்மையான 50சி தாராளம்.

கேள்வி: 2எஸ்ஸில் 3300 கேவி மோட்டாரா, 3எஸ்ஸில் 2200 கேவியா?

பதில்: கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் நிமிடத்துக்கு 24,420. அதே கியரில் அதே வேகம்தான். ஆனால் 3எஸ்ஸில் மூன்றில் இரண்டு பங்கு ஆம்பியர் போதும், ஒயரின் சூடு பாதிக்கும் கீழே. இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 3எஸ் தாங்குமென்றால் இரண்டாவதை வாங்குங்கள்.

கேள்வி: பேட்டரி உப்பியிருக்கிறது, ஆனால் ஓடுகிறது. இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?

பதில்: நேற்றோடு முடிந்தது.