'ஆளே வரலைங்க ஐயா'

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஓர் உதவி பெறும் கல்லூரியில் துறைத் தலைவராக இருக்கிறேன். பழங்குடியினருக்கான இடம் வருஷா வருஷம் காலி. அருந்ததியர் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் சேர்ந்தாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஆசிரியர் பணியிடத்துக்கும் 'ஆள் வரவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடுகிறோம். வேறு என்ன செய்வது ஐயா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: மதுரைப் பக்கம் பரவை சத்தியமூர்த்தி நகரில் காட்டுநாயக்கன் பழங்குடிப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காகப் போராடிய செய்தியைப் படித்திருப்பீர்கள். உங்கள் கல்லூரியின் காலி இடத்துக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. எஸ்.சி. சான்றிதழ் தாசில்தாரோடு முடிந்துவிடும். எஸ்.டி. என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுக்கு இருக்கிறதா, சித்தப்பாவுக்கு இருக்கிறதா என்று விசாரணை இழுக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு அலைய ஆரம்பித்தால் கல்லூரி திறப்பதற்குள் கைக்கு வராது. அதனால் சுற்றுவட்டார மேல்நிலைப் பள்ளிகளுக்குப் போய், பிளஸ் ஒன் படிக்கும்போதே விண்ணப்பம் போட வையுங்கள். கல்லூரி லெட்டர்பேடில் ஒரு கடிதமும் சேர்த்துக் கொடுத்தால் அலுவலகத்தில் மரியாதையாகப் பேசுவார்கள். நம் ஊர் நடப்பு அப்படி.

பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் பணம்தான் காரணம். உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறுவதற்கு முன்பே தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி வந்து நிற்கும். துறையில் நாலு பேர் சேர்ந்து அதை முதலில் கட்டிவிடுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளலாம். வாங்காவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது, சம்பளம் வருகிறதே!

ஆசிரியர் விஷயத்தில் கணக்கே வேறு. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகச் சொல்லும் 200 இடப் பட்டியல்தான் இனச்சுழற்சி. அதில் அவர்கள் முறை 2 தடவைதான் வரும். ஐந்து பேர் இருக்கும் துறையைத் தனி அலகாக வைத்து எண்ணினால் உங்கள் பேரன் துறைத் தலைவரானாலும் அந்த முறை வராது. 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையையே அலகாக எடுக்கச் சொன்னபோது அத்தனை எதிர்ப்பு கிளம்பியது இதனால்தான். கடைசியில் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கு, நிறுவனம் முழுவதும் ஒரே அலகு என்று 2019-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். உங்கள் அலுவலகத்தில் இனச்சுழற்சிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுத்த முறை யாருக்கு, 2009-ல் வந்த அருந்ததியர் உள் ஒதுக்கீடு (எஸ்.சி. 18 சதவீதத்தில் 3 சதவீதம்) எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். தெரிந்த பிறகு விளம்பரம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். காமராசர் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. செய்பவர்கள் யார் யார் என்று நெறியாளர்களிடம் விசாரியுங்கள். உங்களிடமே முதுகலை படிக்கும் பிள்ளையை கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் எழுத உட்கார வையுங்கள். 'தகுதியானவர் இல்லை' என்று எழுதுகிற கை, தகுதியாக்க என்ன செய்தது என்றும் ஒரு வரி எழுதட்டுமே.

கேள்வி: எங்களுடையது சிறுபான்மைக் கல்லூரி. இட ஒதுக்கீடு எங்களைக் கட்டுப்படுத்தாதுதானே?
(மதுரை வாசகர்)

பதில்: மாணவர் சேர்க்கையில் கட்டுப்படுத்தாது. அரசியலமைப்பின் 30(1) நிர்வாக உரிமை தருகிறது, 15(5) இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் தருகிறது. ஆனால் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்க இரண்டுமே தடை சொல்லவில்லை. மேலே உள்ள பதில் உங்களுக்கும்தான். ஏப்ரலுக்குள் பக்கத்து ஆதிதிராவிடர் நலப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் போடுங்கள்.