நிரூபித்ததை மறுபடி நிரூபிப்பது எதற்கு?

அன்புள்ள ஐயா,

கணித மேதை ஆய்லரின் முடிவிலிப் பெருக்கல் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் சொன்னேன். (1−அ)(1−அ²)(1−அ³)… என்று பெருக்கிக்கொண்டே போனால் 1 − அ − அ² + அ⁵ + அ⁷ − அ¹² − அ¹⁵ + … என்று வரும், மற்ற அடுக்குகள் எல்லாம் அடிபட்டுப் போகும் என்றேன். பூண்டு போடும் வீட்டுப் பையன் ஒருவன், “அவரே நிரூபிச்சாச்சுல்ல, அப்புறம் எதுக்கு டீச்சர் வேற ஆளுங்க எளிய வழி தேடுறாங்க?” என்றான். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கணித ஆசிரியை, பூம்பாறை

அன்புள்ள டீச்சர்,

ஆய்லர் இதைக் கண்டுபிடித்துக் கிட்டத்தட்டப் பத்து வருடம் கழித்து, 1750-இல்தான் நிரூபித்தார். அந்த நிரூபணத்தில் குறை ஒன்றுமில்லை. ஆனால் படித்து முடித்த பிறகும் ஏன் 5, ஏன் 7, ஏன் 6 இல்லை என்று கேட்டால் கணக்கைத்தான் திரும்பக் காட்ட வேண்டியிருக்கும். 1881-இல் ஃபேபியன் பிராங்க்ளின் அதற்குப் பதில் சொன்னார். அதைச் செய்து காட்ட உங்கள் ஊர் மலைப்பூண்டே போதும்.

ஏழு பூண்டை வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். இடது ஓரம் நேராக இருக்கட்டும். கீழ் வரிசை மேல் வரிசையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஐந்து வழிதான் உண்டு: 7, 6+1, 5+2, 4+3, 4+2+1. பெருக்கலில் அ⁷ வருவதும் இந்த ஐந்து வழிகளில்தான். வரிசைக்கு ஒரு கழித்தல் குறி என்பதால் இரட்டைப்படை வரிசை கூட்டலாகவும் ஒற்றைப்படை வரிசை கழித்தலாகவும் வரும்.

இப்போது மேல் வரிசையின் கடைசிப் பூண்டிலிருந்து சரிவாக இறங்குங்கள். அடுத்த வரிசை சரியாக ஒன்று குறைந்தால் அதன் கடைசிப் பூண்டும் சரிவில் சேரும். இல்லையென்றால் சரிவு அங்கேயே நின்றுவிடும். அடிவரிசை சரிவைவிட நீளமாக இருந்தால், சரிவை எடுத்துப் புது அடிவரிசையாகப் போடுங்கள். இல்லையென்றால் அடிவரிசையை எடுத்து, மேலிருந்து வரிசைக்கு ஒன்றாக ஓரத்தில் வையுங்கள். வரிசை ஒன்று கூடும் அல்லது குறையும், அதனால் குறி மாறும். மறுபடி இதையே செய்தால் பழைய அடுக்குக்கே வந்துவிடுவீர்கள். இப்படி 7-ம் 6+1-ம் ஜோடி, 5+2-ம் 4+2+1-ம் ஜோடி, ஒன்றையொன்று அடித்துவிடும்.

4+3 மட்டும் மாட்டிக்கொள்ளும். சரிவும் அடிவரிசையும் ஒரே பூண்டைப் பங்கு கேட்கின்றன, நகர்த்த முடியாது. இந்த மாட்டல் 1, 2, 5, 7, 12, 15 போன்ற எண்களில் மட்டும்தான் வரும். பையனுக்குப் பதில் இதுதான்: எது எதோடு அடிபடுகிறது, எது ஏன் தப்புகிறது என்று இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

நிரூபணம் சின்னதாக இருந்தாலே எளிது என்று நான் நினைக்கவில்லை. யாக்கோபி என்ற கணிதர் 1829-இல் தந்த முப்பெருக்கல் முற்றொருமையில் (எந்த மதிப்புக்கும் பொருந்தும் பொதுச் சமன்பாடு அது) தகுந்த மதிப்பைப் போட்டால் ஆய்லரின் விடை ஒரே வரியில் வந்துவிடும். ஆனால் சுமை முழுக்க அந்த முற்றொருமைக்குள் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு அதை நான் எடுத்துப் போகமாட்டேன்.

தேடல் முடியாத இடமும் உண்டு. 9-ஐ, எந்த இரண்டு பகுதிக்கும் குறைந்தது 2 வித்தியாசம் இருக்கும்படி ஐந்து விதமாகப் பிரிக்கலாம். ஐந்தால் வகுத்தால் 1 அல்லது 4 மீதி வரும் எண்களை மட்டும் கொண்டு பிரித்தாலும் ஐந்துதான். எல்லா எண்ணுக்கும் இந்தச் சமம் உண்டு. 1894-இல் ராஜர்ஸ் நிரூபித்தார், யாரும் கவனிக்கவில்லை. நம் ராமானுஜன் தானாகவே கண்டுபிடித்தார், நிரூபணம் இல்லாமல். 1917-இல் பழைய இதழ்களைப் புரட்டும்போதுதான் ராஜர்ஸின் கட்டுரை அவர் கண்ணில் பட்டது. இந்த இரண்டு வகைப் பிரிப்புகளையும் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்க்கும் வழியை 1981-இல் கார்சியாவும் மில்னும் கொடுத்தார்கள். அது முன்னும் பின்னுமாகப் பலமுறை போய்வந்து விடையைத் தொடும் வழி. பூண்டை வைத்துச் செய்தால் பீரியட் முடிந்துவிடும். பிராங்க்ளின் செய்ததுபோல ஒரே நகர்த்தலில் முடிகிற ஒன்றுக்குத்தான் ஆசை.

பையனிடம் அடுத்து 12 பூண்டு கொடுங்கள். 15 அடுக்கு வரும், ஏழு ஜோடி சேரும். மிஞ்சுகிற ஒன்று எது என்று அவனே சொல்லட்டும்.