முதல் தடவை கோத்தகிரி ஏறப் போகும் சைக்கிள் குழுவுக்கு

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய சைக்கிள் குழுவில் பதினான்கு பேர். சமதளத்தில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் போய் வருவது எல்லோருக்கும் பழக்கம்தான், இரண்டு பேர் 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். (நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடித்தவர்கள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவையில் கிளம்பி மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி, குன்னூர் என்று ஒரு சுற்று சுற்றி அன்றைக்கே வீடு திரும்ப ஆசை. "குரூப்பில் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பேச்சு ஓடுகிறது, பாதி கேலியும் கிண்டலும்தான், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. யாரைக் கேட்டாலும் 'வந்துடுவேன்க்கா' என்கிறார்கள். மூன்று நான்கு பேருக்கு இது முடியுமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படித் திட்டம் போடுவது? யாராவது முடியாமல் நின்றுவிட்டால் மலை ரயிலில் சைக்கிளோடு கீழே அனுப்பிவிடலாமா?" என்று கேட்கிறார்.

உங்கள் பயம் சரியானது, அதை வைத்தே திட்டத்தைத் தொடங்குங்கள். நீங்கள் சொல்லும் சுற்று கோவையிலிருந்து ஏறக்குறைய 185 கிலோமீட்டர் வரும். "நூற்றைம்பது போனவங்களுக்கு இன்னொரு முப்பத்தஞ்சு பெரிய விஷயமா" என்று குரூப்பில் யாராவது ஏற்கெனவே எழுதியிருப்பார்கள். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி 1,790 மீட்டருக்குப் பக்கம். இடையில் 33 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற வேண்டியது கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரம். அதனால் "மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போவீங்க" என்று யாரையும் கேட்க வேண்டாம், "மணிக்கு எத்தனை மீட்டர் ஏறுவீங்க" என்று கேளுங்கள்.

நன்றாகப் பழகியவர் மணிக்கு 600, 700 மீட்டர் ஏறிவிடுவார். சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பழகிய, வாரத்துக்கு ஒரு நாள் வண்டி எடுக்கிற ஆளுக்கு 400 மீட்டர் என்பதே நல்ல கணக்கு. முதல் ஆள் இரண்டரை மணி நேரத்துக்குள் கோத்தகிரியில் டீ குடித்துக்கொண்டிருப்பார், இரண்டாவது ஆளுக்கு மிதிக்கிற நேரம் மட்டுமே மூன்றரை மணிக்கு மேல், நின்று மூச்சு வாங்குவதையும் தண்ணீர் குடிப்பதையும் சேர்த்தால் நாலேகால் மணி நேரம். உங்கள் குழுவின் உண்மையான பிரச்சினை இந்த ஒன்றேமுக்கால் மணி நேர இடைவெளிதான். இதை முன்கூட்டியே பேசி வைக்காத குழுவில் முன்னால் போனவர்கள் குளிரில் காத்திருந்து சலித்துப்போவார்கள், பின்னால் வருபவர் 'நம்மால எல்லாருக்கும் லேட்டு' என்று நினைத்து நிற்க வேண்டிய இடத்திலும் நிற்காமல் மிதிப்பார். கால் பிடித்துக்கொள்வது அப்படித்தான்.

யார் எந்த வேகத்தில் ஏறுவார் என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது, வண்டியைப் பார்த்து ஓரளவு சொல்லலாம். பின் சக்கரத்தில் கேசட் எனப்படும் பல்சக்கர அடுக்கில் மிகப் பெரிய பல்சக்கரத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள், 28, 32, 34 என்று ஒரு எண் பொறித்திருக்கும், இல்லையென்றால் பற்களை எண்ணிக்கொள்ளலாம். முன்னால், பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரங்களில் சிறியதையும் அதே மாதிரி பாருங்கள். முன்னால் 34, பின்னால் 28 இருக்கிற ரோடு பைக்கில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறுகிற சாலையில் அது மணிக்கு 550 மீட்டர் ஏற்றம். அதாவது 400 மீட்டர் தெம்பு மட்டுமே உள்ளவர் அந்த வண்டியில் உட்கார்ந்தால் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றுக்கும் கீழே இறங்கி, ஒவ்வொரு மிதியையும் முட்டியால் தள்ள வேண்டியிருக்கும். அரை மணி நேரம் அப்படி ஓட்டலாம், நாலு மணி நேரம் முடியாது. அதே ஆள் முன்னால் 28, பின்னால் 34 உள்ள சாதாரண ஹைபிரிட் வண்டியில் வந்தால் அதே அறுபது சுற்றில் மணிக்கு ஆறேகால் கிலோமீட்டர், 370 மீட்டர் ஏற்றம், சீராக மூச்சு விட்டுக்கொண்டு ஏறிவிடுவார். வண்டி கனம்தான், பரவாயில்லை. குரூப்பில் ஒருவர் "கியர் போதுமாண்ணா" என்று கேட்டு இன்னொருவர் "கால் போதும் தம்பி" என்று பதில் எழுதியிருந்தால் அந்த அண்ணனின் கேசட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பின்னால் 32 அல்லது 34 கேசட் மாற்ற முடியுமா என்று கடையில் கேட்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் பின் டெரெய்லரும் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம்) மாற்ற வேண்டிவரும், அதனால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே செய்துவிட வேண்டும், முந்தின நாள் சாயங்காலம் அல்ல.

இப்போது குரூப் பேச்சுக்கு வருகிறேன். கேலியை நிறுத்த முயலாதீர்கள். அந்தப் பேச்சு இருப்பதால்தான் பதினான்கு பேர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வருகிறார்கள், அது ஒரு குழுவின் உயிர். ஆனால் முடிவுகளை அந்தப் பேச்சுக்குள் வைக்கக் கூடாது. "ஏறலைன்னா தள்ளிக்கிட்டு வா மாப்ளே" என்று ஒருவர் எழுதி இருபது சிரிப்பு விழுந்த பிறகு, தனக்குக் கடினம் என்று தோன்றுகிறவர் வாயைத் திறக்கவே மாட்டார். அவர்தான் உங்களுக்கு "வந்துடுவேன்க்கா" என்று சொல்பவர். அதனால் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் போடுங்கள், மெசேஜ் வேண்டாம். கேசட் எண் என்ன, கடைசியாக ஒரு மணி நேரம் விடாமல் ஏறியபோது போனில் எத்தனை மீட்டர் காட்டியது, இந்த இரண்டைக் கேளுங்கள். ஏறியதே இல்லை என்றால் அதுவும் நல்ல பதில். அந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு முன்னதாகக் கோத்தகிரி போகும் வழியில் உள்ள குஞ்சப்பனை வரைக்கும் மட்டும் போய்த் திரும்பிவிடுங்கள், அவரவர் எண்ணை அவரவரே தெரிந்துகொள்வார்கள். சொல்லிக் கேட்பதைவிடத் தானாகத் தெரிந்துகொண்டால் மனத்தாங்கல் வராது.

அப்புறம் குரூப்பில் ஒரே ஒரு செய்தியை எப்போதும் மேலே தெரியும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள். "மேட்டுப்பாளையத்தில் காலை 6.30 கிளம்புகிறோம். குஞ்சப்பனை, அரவேனு, கோத்தகிரி மூன்று இடத்திலும் கடைசி ஆள் வரும்வரை நிற்போம். 11.30 மணிக்குள் கட்டபெட்டு வந்தவர்கள் மட்டும் ஊட்டி போகலாம், மற்ற எல்லோரும் கோத்தகிரிக்கே திரும்பி இறங்குகிறோம்." இவ்வளவு போதும். இதில் மூன்றாவது வரிதான் முக்கியம், அதை வைத்துத்தான் சண்டையும் வரும். கட்டபெட்டில் சாலை பிரிகிறது, ஒரு பக்கம் ஊட்டி, இன்னொரு பக்கம் குன்னூர். அங்கே நின்று வெயிலையும் கால் தெம்பையும் பார்த்து முடிவெடுத்தால் எல்லோருமே ஊட்டி என்றுதான் சொல்வார்கள், அதனால் முடிவைக் கடிகாரத்திடம் கொடுத்துவிடுவது நல்லது. ஊட்டி பக்கம் போனால் தொட்டபெட்டா சந்திப்பு வரைக்கும் இன்னொரு நீண்ட ஏற்றம் இருக்கிறது, கோத்தகிரி வந்ததும் ஏற்றம் முடிந்தது என்று நினைத்துப் பையில் இருந்த தீனியைக் காலி செய்தவர்கள் அங்கேதான் சோர்ந்துபோவார்கள்.

பி.ஆர்.எம். முடித்த இருவரையும் கடைசி ஆளுக்குப் பின்னால் வரச் சொல்லுங்கள். அவர்களுக்கு முதலில் பிடிக்காது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கணக்கு அவர்கள் உடம்பில் ஊறியிருக்கும், எங்கேயும் நிற்க மனம் வராது. ஆனால் பொறுமையாக ஒரே சீரில் ஓட்டத் தெரிந்தவர்களும் அவர்கள்தான், பங்க்சர் ஒட்டவும் செயின் கோர்க்கவும் கை பழகியவர்களும் அவர்கள்தான். முறைவைத்து மாற்றிக்கொள்ளட்டும், குஞ்சப்பனை வரை ஒருவர், அங்கிருந்து கோத்தகிரி வரை இன்னொருவர்.

கோவையிலிருந்து ஓட்டிக்கொண்டு வருவதை இந்தத் தடவை விட்டுவிடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. போக 36, வர 36 கிலோமீட்டர், மொத்தம் மூன்றரை மணி நேரம் அதிலேயே போகிறது, அதுவும் திரும்பி வரும்போது இருட்டில், ஞாயிறு சாயங்கால வண்டிகளுக்கு நடுவே. வண்டிகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வந்துவிட்டால் மலைக்கு முழு நாளும் கிடைக்கும். 6.30க்கு முன்னால் ஏறத் தொடங்காதீர்கள். பிப்ரவரியில் விடியவே அந்த நேரமாகும், குஞ்சப்பனை பக்கம் யானை நடமாட்டம் உள்ள காடு. சத்தமில்லாமல் வரும் சைக்கிள் யானைக்கு மிக அருகில் போன பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரியும். எதிரே வரும் பஸ் டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினால் நிற்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டாம்.

இறங்குவதைப் பற்றி யாரும் குரூப்பில் பேச மாட்டார்கள், விபத்து நடப்பது அங்கேதான். பிரேக்கை இறுகப் பிடித்தபடியே இறங்கினால் சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக் வண்டியில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம், டிஸ்க்கிலும் பிடி தளரும். வளைவுக்கு முன்பே நேரான சாலையில் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் உள்பக்கம் போகவே கூடாது, பஸ் திரும்பும்போது அதன் பின் சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும், அங்கே உங்களுக்கு இடம் இருக்காது. ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி, அது நாலு சக்கரமானாலும் இரண்டு சக்கரமானாலும். விரல் விறைத்துப்போனால் பிரேக் பிடிக்கிற பலம் போய்விடும், அதனால் மேட்டுப்பாளையத்தில் வேர்த்தாலும் ஒரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டும் முழு விரல் கையுறையும் பையில் இருக்க வேண்டும். இல்லாதவர் இறங்குமுன் டீக்கடையில் ஒரு பழைய செய்தித்தாள் வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே வைத்துக்கொள்ளட்டும், நிஜமாகவே குளிர் தாங்கும். குன்னூர், பர்லியாறு வழியாக இறங்கும் ஆசையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு பிற்பகல் அந்தச் சாலையில் சுற்றுலா வண்டிகள் வரிசையாக இறங்கும். தெரிந்த சாலையில், காலையில் ஏறும்போது குழி எங்கே இருந்தது என்று பார்த்த சாலையில், முதல் தடவை இறங்குவதே நல்லது. ஏப்ரல், மே சீசனுக்குத் தள்ளிப்போட்டால் இந்தத் திட்டம் அப்படியே பொருந்தாது, அப்போது வழக்கமாகக் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்கிவிடுவார்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிதாக யோசிக்க வேண்டாம். ஏறும்போது மணிக்கு ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும், அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் தண்ணீரும், பாதித் தண்ணீரில் உப்பும் எலுமிச்சையும். பசி வந்த பிறகு சாப்பிட்டால் பிரயோஜனமில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு சைக்கிள் பாட்டில் கொண்டுவந்து ஊர்களில் உள்ள தண்ணீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளுங்கள். பின்னால் கார் ஏதாவது வருவதாக இருந்தால் அதற்கு இ-பாஸ் எடுத்துவிட வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம்.

ரயில் விஷயம். அதை நம்ப வேண்டாம். ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போவது, கோத்தகிரி பக்கமே வராது. சிறிய பெட்டிகள், இடம் குறைவு, டிக்கெட் ரொம்ப நாள் முன்பே தீர்ந்துவிடும், சாயங்காலம் நாலு மணிக்கு முட்டி வலியோடு நிற்கிறவருக்கு அது உதவாது. அதற்குப் பதிலாகக் கோத்தகிரியில் வாடகைக்கு ஓடும் பிக்கப் வண்டிக்காரர் ஒருவரிடம் முந்தின வாரமே பேசி வாடகையை முடிவு செய்துகொள்ளுங்கள், அவர் எண் பதினான்கு பேர் போனிலும் இருக்கட்டும், வழியில் சில வளைவுகளில் சிக்னல் போய்விடும் என்பதால் ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். வரும்போது நாலு பழைய சாக்கும் கயிறும் எடுத்துவரச் சொல்லுங்கள், சாக்கை இடையில் போட்டு டெரெய்லர் பக்கம் மேலே பார்க்கும்படி படுக்கவைத்துக் கட்டினால் நாலைந்து சைக்கிளைக் கீறல் இல்லாமல் மேட்டுப்பாளையம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்.