சட்டத்தில் ஆர்வமுள்ள பதினாறு வயது மகளுக்கு வேலை அனுபவம் எங்கே கிடைக்கும்?

பெரிய சட்ட நிறுவனங்களுக்கு எழுதியும் பதில் இல்லை என்கிறீர்கள். வியப்பில்லை. தன்னிடம் வழக்கை ஒப்படைத்த கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது வழக்கறிஞரின் கடமை. கோப்புகள் விரிந்து கிடக்கும் அறைக்குள் பள்ளி மாணவியை அனுமதிக்க யாரும் தயங்கத்தான் செய்வார்கள்.

அதனால் முதலில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லுங்கள். பல நாடுகளில் விசாரணை பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்கிறது. சிறார் வழக்கு, சில குடும்ப வழக்குகள் போன்றவை விதிவிலக்கு. வயது வரம்பு உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, கைபேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காரட்டும். வழக்குகள் அடுத்தடுத்து வாய்தாவில் தள்ளிப்போவதையும், குறுக்கு விசாரணையில் சாட்சி "நினைவில்லை" என்று நழுவுவதையும் பார்ப்பாள். அங்கே சலிப்புத் தட்டினால் அதுவும் பயனுள்ள தகவல்தான்.

பிறகு, ஓரிருவர் மட்டும் நடத்தும் சிறிய அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதட்டும். அவளே எழுத வேண்டும், நீங்கள் அல்ல. அப்பா எழுதிய கடிதம் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்! நீதிமன்றத்தில் கவனித்த ஒன்றைக் குறிப்பிட்டு, இரண்டு மூன்று நாள் மட்டும் கேட்கலாம். ரகசியம் காப்பதாக எழுதித் தரவும் முன்வரலாம். கிடைப்பது பெரும்பாலும் நகலெடுப்பதும் ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்குவதுமாகத்தான் இருக்கும். அதைக் குறைவாக எண்ண வேண்டாம்: ஒரு வழக்கு எப்படி உருவாகிறது என்பது அந்த வரிசையில்தான் புரியும்.

இலவசச் சட்ட உதவி மையங்களிலும் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் மாதிரி நீதிமன்றப் போட்டி, அதாவது மாணவர்களே வழக்கறிஞர்களாக நின்று கற்பனை வழக்கில் வாதாடும் போட்டி, இருந்தால் விடவே வேண்டாம்.