தோழரை விளித்த பாடல்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் 'பிங்க் ஃபிளாய்ட்' என்ற ராக் குழுவின் பாடல்களையே ஓயாமல் கேட்கிறான். அவற்றின் வரிகளில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, மேலூர், மதுரை மாவட்டம்

பதில்: 1965-இல் லண்டனில் உருவான அக்குழுவின் தொடக்ககாலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் சிட் பாரட். போதைப்பொருளாலும் மனநலச் சிதைவாலும் 1968-இல் அவர் விலக நேர்ந்தது. பின்னர் வரிகள் எழுதும் பொறுப்பு பெரிதும் ரோஜர் வாட்டர்ஸிடம் வந்தது. 1973-இல் வெளியான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பில் காலம், பணம், மனப்பிறழ்வு, மரணம் ஆகியவற்றை அவர் எளிய சொற்களிலேயே எழுதினார்.

ஆயினும் என் மனம் தங்கிவிடுவது 1975-இல் வந்த 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாடலில்தான். நம் பக்கத்து ஒப்பாரியில் மறைந்தவரை முன்னிறுத்தி 'நீ' என்று விளித்துப் பாடுவதைப் போல, உயிரோடிருந்த சிட்டையே விளித்து, அவருடைய இளமையின் ஒளியையும் பின்னர் கண்களில் குடியேறிய வெறுமையையும் அது பேசுகிறது. அப்பாடல் இடம்பெற்ற தொகுப்பின் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில், தலையையும் புருவங்களையும் மழித்திருந்த பருத்த மனிதர் ஒருவர் ஏபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்து நின்றார். அவர்தான் சிட் என்பதைப் பழைய தோழர்களாலேயே உடனே கண்டுகொள்ள முடியவில்லை. மகனோடு அமர்ந்து அப்பாடலை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். குரல் ஒலிக்கத் தொடங்கவே எட்டு நிமிடங்களுக்கு மேலாகும். டேவிட் கில்மரின் கிட்டாருக்காகவே அதுவரை பொறுத்திருக்கலாம்.