ஜென்க்ஸ் டவுன்ஷிப்பில் உண்மையில் எத்தனை பேர்?

கேள்வி: பென்சில்வேனியா, ஃபாரஸ்ட் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜென்க்ஸ் டவுன்ஷிப்பில் காட்டை ஒட்டி ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. 2000-ல் அந்தக் கவுண்டியில் 4,946 பேர், 2010-ல் 7,716 பேர். வளர்கிற பகுதி என்று நம்பி வாங்கலாமா?

பதில்: கூடுதலாகத் தெரியும் அந்த 2,770 பேரை நம்பி வாங்காதீர்கள். 2004-ல் ஜென்க்ஸில், மரியன்வில் அருகே, ஆண்களுக்கான மாநிலச் சிறை ஒன்று திறக்கப்பட்டது. ஏப்ரல் 1 நிலவரப்படி ஒருவர் வழக்கமாக எங்கே தங்கி உறங்குகிறாரோ, அங்கேதான் அமெரிக்கக் கணக்கெடுப்பு அவரை எண்ணும். கைதிக்குச் சிறையே முகவரி. ஃபிலடெல்ஃபியாக்காரரும் ஜென்க்ஸ்வாசி ஆகிவிடுவார். ஆண்களின் விகிதம் அங்கே தாறுமாறாக ஏறியிருப்பதும் இதனால்தான். 2020-ல் கவுண்டியின் தொகை 6,973. சிறையில் தலைகள் குறைந்தால்கூட ஊர் சுருங்கியதுபோலத் தெரியும்.

வீடுகளின் கணக்கு வேறு விதமாக ஏமாற்றும். 2000-ல் கவுண்டியில் 8,701 வீடுகள், குடித்தனங்களோ 2,000 மட்டுமே. நாலில் மூன்றுக்கு மேல் பூட்டிய வீடு! பாழடைந்த ஊர் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மான் வேட்டைக்கும் கோடை விடுமுறைக்கும் வந்துபோகும் வெளியூர்க்காரர்களின் வீடுகள். உள்ளூரில் ‘கேம்ப்’ என்பார்கள். கணக்கெடுப்பு அவற்றைக் ‘காலி’ என்றே பதியும்.

நீங்களே சரிபார்க்க, சென்சஸ் பீரோவின் தரவுத் தளத்துக்குப் போங்கள். 5,000 பேருக்குக் குறைந்த ஊர்களை ‘குவிக்ஃபேக்ட்ஸ்’ பக்கம் காட்டாது. இடத்தேர்வில் ‘கவுண்டி சப்டிவிஷன்’ வழியாக ஜென்க்ஸை எடுங்கள். மரியன்வில்லை எடுத்தால் கணக்குத் தப்பும்: அது புள்ளிவிவரத்துக்காகக் கோடு போட்ட பகுதி, தனி நிர்வாகம் கிடையாது. 2020 தொகுதி மறுவரையறைத் தரவில் பி5 அட்டவணையைத் திறந்து, சிறைவாசிகளின் எண்ணை மொத்தத்திலிருந்து கழியுங்கள். மிச்சமிருப்பவர்கள்தான் உங்கள் அக்கம்பக்கம். பிறகு பி25004 அட்டவணையில் ‘பருவகால’ வீடுகளுக்கான வரிசையைப் பாருங்கள். இது ஐந்தாண்டு மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால், பக்கத்திலிருக்கும் பிழை வரம்பையும் படியுங்கள். 120 என்ற எண்ணுக்கு ±60 என்று போட்டிருந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. 2020 கணக்கெடுப்பிலும் தனிநபர் விவரம் வெளிப்படாமலிருக்க சிறு ஊர்களின் எண்களை வேண்டுமென்றே சற்று ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். பத்து பேர் கூடினார்களா, குறைந்தார்களா என்று ஆராய்வது வீண்.

மக்கள் அடர்த்தியை ஒதுக்கிவிடலாம். 427 சதுர மைல் நிலத்துக்கு 6,973 பேர், மைலுக்குப் பதினாறு. ஆனால் அந்த நிலத்தில் கணிசமான பகுதி ஆளில்லாத அலெகனி தேசியக் காடு. மக்களிலும் கணிசமானோர் ஒரே சிறை மதிலுக்குள்.

‘டவுன்ஷிப்’ என்றதும் நெய்வேலி மாதிரி குடியிருப்பை நினைக்காதீர்கள். பென்சில்வேனியாவில் அது உள்ளாட்சி அமைப்பு; ஒஹாயோ தொடங்கி மேற்கே அளந்து வெட்டிய ஆறு மைல் சதுரமும் அல்ல. உள்ளூர்ச் சாலையும் பனி அள்ளுவதும் அதன் பொறுப்பு. சொந்தப் போலீஸ் இல்லாத இடங்களில் மாநிலப் போலீஸ்தான் வரவேண்டும், தூரத்திலிருந்து.

அஞ்சல் முகவரியில் ‘மரியன்வில்’ என்றிருந்தால் மட்டும் வீடு ஜென்க்ஸில் இருப்பதாக ஆகாது. தபால் எல்லை வேறு, வரி எல்லை வேறு. பத்திரத்தில் டவுன்ஷிப் பெயரைப் பாருங்கள். அதே பத்திரத்தில் நிலத்தடி உரிமை யாருக்கு என்றும் கேளுங்கள். எண்ணெயும் எரிவாயுவும் நெடுங்காலமாக எடுக்கும் பகுதி அது. மேல்மண் உங்களுக்கும் அடிமண் வேறொருவருக்கும் போயிருக்கலாம்.